அறிவியலும் வேண்டும், அம்பரப்பர் மலையும் வேண்டும்!

தலையங்கம் | தகவல் தொழில்நுட்ப அணி

கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுடாம கடைசி வரை படியுங்கள். படிச்சுட்டு பகிருங்கள்.

தேனி மாவட்டம் பொட்டிபுரம் நியூட்ரினோ திட்டம் பற்றி பேச்சு எழும்போதெல்லாம் ரெண்டு வகையான ஃபார்வர்டு சுத்த ஆரம்பிக்குது.

ஒண்ணு: "நியூட்ரினோ உடம்புக்குள்ள போனா கேன்சர் வரும், கதிர்வீச்சு கசியும், கம்பம் பள்ளத்தாக்கே புல் பூண்டு இல்லாம போயிடும்."

இன்னொண்ணு: "இந்தத் திட்டத்தை எதிர்க்கிறவன் எல்லாம் அறிவியல் தெரியாத கூட்டம், நாட்டு வளர்ச்சிக்கு எதிரி."

ரெண்டுமே பொய். முதல் பொய்யை நம்ம ஆதரவாளர்கள் சிலரே நல்லெண்ணத்தில் பரப்புகிறார்கள். ரெண்டாவது பொய்யை எதிர்த்தரப்பு பரப்புகிறது. முதல் பொய் இருக்கிற வரைக்கும் ரெண்டாவது பொய்க்கு வேலை சுலபம். அதனால் முதலில் அறிவியலைப் பார்ப்போம், அப்புறம் அரசியலுக்கு வருவோம்.

நியூட்ரினோ என்றால் என்ன?

மின்னூட்டம் இல்லாத, மிக மிகக் குறைந்த நிறை கொண்ட ஓர் அடிப்படைத் துகள். சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் இணைந்து ஹீலியம் ஆகும்போது உருவாகிறது. அணு உலையில் உருவாகிறது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதும்போதும் உருவாகிறது.

உங்க கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த அளவு இடத்தின் வழியாக ஒவ்வொரு நொடியும் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. பகலில் மேலிருந்து வரும். ராத்திரியில் பூமியைத் துளைச்சுக்கிட்டு கீழிருந்து வரும். மனிதன் தோன்றுவதற்கு முன்பிருந்தே இது நடக்கிறது.

வாழைப்பழத்தில் பொட்டாசியம் உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு இயற்கையிலேயே கதிரியக்கம் கொண்டது. ஒரு வாழைப்பழத்திலிருந்து நொடிக்குப் பத்துக்கு மேல் எதிர்-நியூட்ரினோக்கள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. நம்ம உடம்பிலிருந்தே நொடிக்குச் சில ஆயிரம் கிளம்புது. சின்னமனூர் வாழைத்தாரைப் பார்த்து யாரும் பயந்து ஓடுவதில்லை.

ஏன் இது நம்மை ஒன்றும் செய்வதில்லை? நியூட்ரினோ எதனுடனும் கிட்டத்தட்ட பேசுவதே இல்லை. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களில் பாதியைத் தடுத்து நிறுத்தணும்னா சுமார் ஓர் ஒளியாண்டு தடிமனுக்கு ஈயச் சுவர் கட்டணும். அப்படிப்பட்ட துகள் உடம்பில் புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்கு இயற்பியலில் இடமே இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொட்டிபுரத்தில் திட்டமிட்டது நியூட்ரினோவை உற்பத்தி செய்யும் ஆலை கிடையாது. வானத்திலிருந்து தானாக வருவதைப் பதிவு செய்யும் கருவி. தெர்மாமீட்டர் வெச்சா காய்ச்சல் வந்துடாது. அது மாதிரிதான்.

"பின்னாடி வெளிநாட்டிலிருந்து நியூட்ரினோ கற்றையை இங்க அனுப்புவாங்களே"ன்னு ஒரு கேள்வி வரும். அப்படி ஒரு எதிர்காலச் சாத்தியம் பற்றி திட்ட ஆவணங்களே பேசியது உண்மை. ஆனால் ஜப்பானில் டோக்காயிலிருந்து காமியோகாவுக்கு 295 கிலோமீட்டர், ஐரோப்பாவில் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோவுக்கு சுமார் 730 கிலோமீட்டர் என்று நிலத்துக்கு அடியில் கற்றை அனுப்பி ஆய்வு செய்திருக்கிறார்கள். நடுவில் இருக்கும் ஊர்களில் மக்கள் வழக்கம்போல வாழ்கிறார்கள்.

அப்போ மலைக்குள்ள ஏன் போகணும்?

நியூட்ரினோவைப் பிடிப்பது அவ்வளவு கஷ்டம். கோடானு கோடியில் ஒன்று எப்போதாவது ஓர் அணுக்கருவில் மோதும். அந்த ஒரு மோதலைப் பார்க்கணும்னா மற்ற துகள்களின் இரைச்சலைத் தடுக்கணும். மேலே ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால் காஸ்மிக் கதிர்த் துகள்கள் பெரும்பாலும் வடிகட்டப்படும், நியூட்ரினோ மட்டும் சாதாரணமாக உள்ளே வரும். கல்யாண மண்டபத்து மைக் செட்டுக்கு நடுவில் ஒருத்தர் காதோடு சொல்வதைக் கேட்கணும்னா கதவைச் சாத்தணும் இல்லையா, அதுதான் கணக்கு.

1930 டிசம்பரில் வுல்ஃப்காங் பவுலி இப்படி ஒரு துகள் இருக்கணும்னு கணக்கிலிருந்து சொன்னார். பீட்டா சிதைவில் கொஞ்சம் ஆற்றல் காணாமல் போனது, அதைத் தூக்கிக்கொண்டு போகும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் என்பது அவர் வாதம். அதை நேரடியாகக் கண்டுபிடிக்க 26 ஆண்டுகள் ஆயின. 1956-ல் அமெரிக்காவின் சவானா ரிவர் அணு உலை அருகே கோவனும் ரைன்ஸும் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம் ரேமண்ட் டேவிஸ். தெற்கு டகோட்டாவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், துணி டிரை கிளீனிங் செய்யும் திரவத்தை சுமார் 3 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நிரப்பிவைத்து சூரிய நியூட்ரினோவை எண்ணினார். எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. "உன் கருவி தப்பு"ன்னு பலர் சொன்னார்கள். கருவி சரியாகத்தான் இருந்தது. நியூட்ரினோக்கள் வழியிலேயே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறிவிடுகின்றன என்று 1998-ல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேவும், 2001–2002-ல் கனடாவின் சட்பரி ஆய்வகமும் நிரூபித்தன. வகை மாறணும்னா நிறை இருக்கணும். நியூட்ரினோவுக்கு நிறையே இல்லைன்னு வெச்சுக் கட்டியிருந்த பாடப்புத்தகக் கோட்பாடு அங்கே போதாமல் போனது. இதற்காக 2015-ல் கஜிட்டாவுக்கும் மெக்டொனால்டுக்கும் நோபல் பரிசு.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். பிரபஞ்சத்தில் பொருள் ஏன் மிஞ்சியது, எதிர்ப்பொருள் ஏன் காணாமல் போனது என்ற கேள்விக்கான விடை நியூட்ரினோவிடம் இருக்கலாம் என்று பல இயற்பியலாளர்கள் கருதுகிறார்கள். பெரியார் வழியில் "ஏன், எதற்கு"ன்னு கேட்கப் பழகிய மண் இது. இந்தக் கேள்வி நமக்கு அந்நியமானதாக இருக்க முடியாது.

நம்மவர்களின் பங்கு

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு வரலாறு. காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவைப் பதிவு செய்ததாக உலகுக்கு முதலில் அறிவித்த ஆய்வுகளில் ஒன்று நம் பக்கத்திலிருந்து வந்தது. 1965-ல் கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்த ஆய்வு. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் குழுவும் இதைக் கண்டது.

அந்தக் கோலார் சுரங்கத்தை வெட்டியவர்கள் யார்? வட ஆர்க்காடு, சேலம் பக்கமிருந்து போன நம் தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்கள். நுரையீரலில் பாறைத் தூசியை வாங்கிக்கொண்டு அவர்கள் வெட்டிய ஆழத்தில்தான் இந்திய நியூட்ரினோ இயற்பியல் பிறந்தது.

அப்புறம் என்ன ஆச்சு? 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆய்வு நின்றது. 2001-ல் ஒன்றிய அரசு சுரங்கத்தையே மூடியது. பம்ப் நின்றதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏறியது. தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக்கும் மூடப்பட்ட சுரங்கம்தான். ஆனால் அங்கே அதைத் திரும்பத் திறந்து ஆய்வகமாக்கினார்கள், இன்று 1,300 கிலோமீட்டர் தொலைவிலிருந்து கற்றை வாங்கும் பெரிய பரிசோதனைக்கு அங்கே குகை வெட்டியிருக்கிறார்கள். காமியோகாவும் சட்பரியும்கூட சுரங்க இடங்கள்தான். உலகம் இருந்த பள்ளத்தைப் பயன்படுத்தியது. நம்ம ஒன்றிய அரசு இருந்த பள்ளத்தை மூழ்கவிட்டு, புதுசா வெட்ட மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்தது.

பொட்டிபுரத்தில் உண்மையான பிரச்சினை என்ன?

திட்டம் இதுதான்: போடி மேற்கு மலையில், அம்பரப்பர் மலைக்குள் சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப் பாதை. அதன் முடிவில் பெரிய குகை. அதற்குள் 50,000 டன் காந்தமாக்கப்பட்ட இரும்பு. செலவு சுமார் 1,500 கோடி ரூபாய். 2015 தொடக்கத்தில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று வகை நியூட்ரினோ நிறைகளில் எது கனம், எது லேசு என்ற வரிசையைக் கண்டுபிடிப்பது முக்கிய நோக்கம். நோக்கத்தில் நமக்குச் சண்டை இல்லை. கேள்விகள் வேறு.

1. இடம். இந்த மலை பெரியாறு புலிகள் காப்பகத்தையும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவையும் இணைக்கும் வழித்தடத்தில் இருக்கிறது. மதிகெட்டான் சோலை 5 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில். பாதை அடைபட்டால் புலிக்கு வேறு காடு இல்லை. காடு போனால் அந்த ஓடைகளை நம்பியிருக்கும் விவசாயிக்கு வேறு தண்ணீர் இல்லை.

2. நடைமுறை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு அந்த வகை மதிப்பீடு செய்ய உரிய அங்கீகாரம் இல்லை. பூவுலகின் நண்பர்கள் வழக்கில் 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. சரி, முறையான மதிப்பீடு செய்துவிட்டு வாங்கன்னா வரணும் இல்லையா? அதற்குப் பதில் ஒன்றிய அரசு, திட்டத்தை வேறு வகைப்பாட்டில் "சிறப்பு நேர்வு" என்று போட்டு 2018 மார்ச்சில் அனுமதியை எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அனுமதியை ரத்து செய்யாவிட்டாலும், தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது என்றது. பரீட்சைக்குத் தயாராகாமல் கேள்வித்தாளை மாற்றுவது அறிவியல் முறை ஆகாது.

3. பாறையும் வெடியும். நியூட்ரினோ ஒன்றும் செய்யாது, சரி. ஆனால் மலைக்குள் வெடி வைத்து லட்சக்கணக்கான டன் பாறையை வெளியே எடுப்பது நியூட்ரினோ இல்லையே. அந்தப் பாறையை எங்கே கொட்டுவார்கள்? லாரி எந்தத் தெரு வழியாகப் போகும்? அதிர்வு நீர்ப்பாதையை என்ன செய்யும்? டி.புதுக்கோட்டை மக்களுக்கு இதை அவர்கள் மொழியில் யார் உட்கார்ந்து சொன்னது?

4. வாயுக் கசிவு. கருவியில் பயன்படுத்தத் திட்டமிட்ட வாயுக்களில் முக்கியமானது ஆர்-134ஏ. ஃபிரிட்ஜிலும் கார் ஏசியிலும் போடும் கேஸ். விஷவாயு என்று பயப்பட வேண்டியதில்லை, ஆனால் வலுவான பசுங்குடில் வாயு. மூடிய சுழற்சியில் திரும்பப் பயன்படுத்துவோம் என்றார்கள். எவ்வளவு கசியும், யார் அளப்பது, அளவு யாருக்குத் தெரியும்? எஞ்சினியரிங் படித்த எவனும் முதலில் கேட்கும் கேள்வி இது.

இதெல்லாம் கற்பனை பயமான்னு கேட்டா, இத்தாலியைப் பாருங்கள். கிரான் சாஸோ மலைக்குள் உலகின் பெரிய நிலத்தடி ஆய்வகம் இருக்கிறது. அந்த மலைதான் சுற்றுவட்டார மக்களுக்குக் குடிநீர் ஆதாரம். 2002 ஆகஸ்ட்டில் அங்கிருந்த போரெக்ஸினோ நியூட்ரினோ ஆய்வில் பயன்படுத்தும் ரசாயனத் திரவம் சுமார் 50 லிட்டர் கசிந்து ஓடையில் கலந்தது. மக்கள் கொதித்தார்கள். வேலைகள் நிறுத்தப்பட்டன. வடிகால்களையும் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் பெரும் செலவில் சரி செய்த பிறகுதான் ஆய்வு தொடர்ந்தது. அதே போரெக்ஸினோ பின்னாளில் சூரியன் எரியும் விதத்தைத் துகள் துகளாக அளந்து உலகப் புகழ் பெற்றது.

இதில் இரண்டு பாடம் இருக்கு. நியூட்ரினோ யாரையும் தொடவில்லை, ஆய்வகம் தண்ணீரைத் தொட்டது. மக்கள் கேள்வி கேட்டதால் அறிவியல் செத்துப் போகவில்லை, ஒழுங்காக நடந்தது.

"எதிர்ப்பவர்கள் எல்லாம் அறிவியல் விரோதிகளா?"

இந்தத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடம் பொட்டிபுரம் கிடையாது. நீலகிரி மாவட்டம் சிங்காரா. முதுமலை புலிகள் காப்பகத்துக்குப் பக்கம், யானைகள் நடமாடும் இடம் என்று சொல்லி 2009-ல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகமே அந்த இடத்துக்கு அனுமதி மறுத்தது. அப்போது அந்த அமைச்சகத்தை யாரும் அறிவியல் விரோதி என்று சொல்லவில்லை. நீலகிரிப் புலிக்குப் பொருந்திய நியாயம் தேனிப் புலிக்கு ஏன் பொருந்தாது? அமைச்சகம் சொன்னால் சூழலியல், விவசாயி சொன்னால் மூடநம்பிக்கையா?

2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இந்த இடத்தில் திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. புலி வழித்தடம், மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் என்று சொல்லப்பட்ட காரணங்கள் ஆதாரம் உள்ளவை. கேன்சர் ஃபார்வர்டு எந்த நீதிமன்றத்திலும் நிற்காது, புலி வழித்தடம் நிற்கும்.

இதைத்தான் தோழர்களுக்கு அழுத்திச் சொல்கிறோம். பொய்யான காரணத்துக்காக நியாயமான போராட்டம் நடத்தினால், பொய் உடையும் நாளில் நியாயமும் சேர்ந்து உடையும். நாளைக்கு ஒரு விஞ்ஞானி டிவி விவாதத்தில் வந்து "நியூட்ரினோவால் ஆபத்து இல்லை"ன்னு ரெண்டு நிமிஷத்தில் நிரூபித்துவிட்டுப் போய்விடுவார். பார்க்கிற மக்கள் "அப்போ இவங்க சொன்ன மத்ததும் பொய்தான்"னு முடிவு கட்டுவார்கள். தண்ணீர், காடு, நடைமுறை பற்றிய கேள்விகள் அத்தோடு புதைந்து போகும். அந்த இழப்பு பொட்டிபுரம் விவசாயிக்குத்தான்.

இன்னொரு இழப்பும் இருக்கு. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் பிள்ளை நம் பக்கத்தைப் பார்த்து "இயற்பியல் என்றாலே ஆபத்து"ன்னு நினைத்துவிட்டால், அதைவிடப் பெரிய தோல்வி நம் இயக்கத்துக்கு வேறு இல்லை.

காலம் காத்திருக்கவில்லை

நாம் இங்கே வழக்கும் ஃபார்வர்டுமாக இருந்த காலத்தில் சீனா குவாங்டாங் மாகாணத்தில் 700 மீட்டர் ஆழத்தில் 20,000 டன் திரவம் நிரப்பிய ஜூனோ ஆய்வகத்தைக் கட்டி, 2025 ஆகஸ்ட்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. அதுவும் தேடுவது அதே நிறை வரிசையைத்தான். தென் துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5,160 உணர்விகளை இறக்கி ஐஸ்கியூப் ஆய்வகம் தொலைதூர விண்வெளியிலிருந்து வரும் நியூட்ரினோக்களைப் பிடிக்கிறது.

இந்தத் தாமதத்துக்கு யார் பொறுப்பு? கேள்வி கேட்ட மக்களா? 2010-களின் தொடக்கத்திலேயே முறையான மதிப்பீட்டைச் செய்து, பொருத்தமான இடத்தைத் தேர்ந்து, மக்களிடம் மரியாதையாகப் பேசியிருந்தால் இந்நேரம் எங்கோ ஓர் இடத்தில் கருவி ஓடிக்கொண்டிருக்கும். குறுக்கு வழி எப்போதும் சுற்று வழியாகத்தான் முடியும்.

இதற்கு நடுவிலும் மதுரையில் இந்த ஆய்வு மையத்தின் 85 டன் சிறிய மாதிரிக் கருவி 2018 முதல் இயங்கி வருகிறது. மலை வெட்டவில்லை, காடு அழியவில்லை, மாணவர்கள் வந்து கற்கிறார்கள். ஜார்க்கண்டில் ஜாதுகுடா யுரேனியம் சுரங்கத்தில், ஏற்கெனவே வெட்டப்பட்ட 555 மீட்டர் ஆழத்தில், கரும்பொருளைத் தேடும் ஆய்வகம் 2017-ல் தொடங்கப்பட்டது. 50,000 டன் இரும்பு பழைய சுரங்கக் குழிக்குள் அடங்காது, உண்மைதான். ஆனால் மனமிருந்தால் மாற்று வழி தேடலாம் என்பதற்கு இவை சாட்சி.

நம் கோரிக்கைகள்

ஒன்று: போடி மேற்கு மலையில் இந்தத் திட்டம் கைவிடப்பட்டது என்று ஒன்றிய அரசு எழுத்துப்பூர்வமாக அறிவிக்கணும். அந்த மக்களின் தலைக்கு மேல் கத்தியைத் தொங்கவிடக்கூடாது.

இரண்டு: வேறு எந்த இடம் பார்த்தாலும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் முழுமையான மதிப்பீடு, வனவிலங்கு வாரிய ஒப்புதல், கிராம சபை விவாதம் ஆகியவை முதலில். அறிக்கை முழுவதும் அந்த மக்களின் மொழியில், சுருக்கம் மட்டும் போதாது.

மூன்று: மதுரை மையத்துக்கு நிதி குறைக்கக்கூடாது. அதை விரிவாக்கி, தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரி இயற்பியல், பொறியியல் மாணவர்களுக்குக் கதவைத் திறக்கணும்.

நான்கு: கோலார் தங்கவயலின் அறிவியல் வரலாறும் அதை வெட்டிய தொழிலாளர் வரலாறும் நம் பாடப்புத்தகத்தில் வரணும்.

தோழர்களுக்கு ஒரு வேலை: "நியூட்ரினோ கதிர்வீச்சு" என்று வரும் எந்தப் படமும் வீடியோவும் உங்கள் குரூப்பில் வந்தால், அனுப்பியவரைத் திட்டாதீர்கள். இந்தப் பதிவை அங்கே போடுங்கள். "அண்ணே, இது தப்பு, உண்மையான காரணம் இது"ன்னு பொறுமையாகச் சொல்லுங்கள்.

1987 பிப்ரவரி 23 அன்று, 1 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டுக்கும் அப்பால் வெடித்த ஒரு நட்சத்திரத்தின் நியூட்ரினோக்கள் பூமியைக் கடந்தன. உலகின் மூன்று கருவிகளிலும் சேர்த்து சுமார் 25 மட்டும் பதிவாயின. அந்த 25-ஐ வைத்து ஒரு நட்சத்திரம் எப்படிச் சாகிறது என்று மனிதன் படித்தான். இருபத்தைந்து சிறு ஆதாரத்துக்கு அறிவியல் அவ்வளவு மரியாதை கொடுக்கிறது. பொட்டிபுரத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்வதற்கும் அதே மரியாதையைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அறிவியலும் வேண்டும்! அம்பரப்பர் மலையும் வேண்டும்!

#நியூட்ரினோ #பொட்டிபுரம் #மேற்குத்தொடர்ச்சிமலை #அறிவியல்மனப்பான்மை